தமிழுக்கு கெத்து வராதா?

போன மாசம் எங்க டிபார்ட்மெண்ட் சிம்போசியத்துக்கு போஸ்டர் டிசைன் பண்ற வேலை என் தலையில விழுந்தது. இங்கிலீஷ் தலைப்பை 'பெபாஸ் நியூ' ஃபான்ட்ல போட்டேன். நெட்டையா, தடியா, கேட்ல நின்னு பார்த்தாலே தெரிஞ்சது. தமிழ்த் தலைப்புக்கு லேப்டாப்ல இருந்த ஏதோ ஒரு ஃபான்ட், மேல ஒரு 'போல்டு' பட்டன். ண, ன, ஐ சுழி எல்லாம் மை அப்பின மாதிரி அடைஞ்சு போச்சு. ஒரு ஜூனியர் பார்த்துட்டு, "அண்ணே, தமிழ் லெட்டர் பூரா வளைவு. கெத்தா வராது, தூக்கிருங்க"ன்னான். தூக்கிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துது.

ஏன்னா அவன் சொன்னது தப்பு. ப, ட, ர எழுதிப் பாருங்க. நேர்கோடும் மூலையும்தான். நம்ம பக்கத்து கொற்கையில கிடைச்ச பானை ஓடுகள்ல இருக்கிற பழைய தமிழி எழுத்துகள்லயும் கோடுதான் அதிகம்.

அப்போ சுழி ஏன் அடைஞ்சது? 'போல்டு' பட்டன் எல்லாக் கோட்டையும் ஒரே அளவுக்குத் தடிமனாக்கும். சுழிக்குள்ள இருக்கிற வெள்ளை இடம் காலியாகிடும். மீன்பிடித் துறைமுகத்துல படகுப் பேர்களைப் பாருங்க. நல்ல பெயிண்டர் வெளிக்கோட்டைத் தடியா இழுத்து, சுழிக்குள்ள வரும்போது பிரஷ்ஷை மெலிசாக்குவார். ஃபான்ட் வரையிறவங்க செய்றதும் இதேதான். பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய, நம்ம கட்டுமரத்தோட பேரையே வச்சிருக்கிற 'கேட்டமரான்' ஃபான்ட்ல ஒன்பது தடிமன் இருக்கு. இலவசம். நான் தேடவே இல்ல, அதான் உண்மை.

ஆனா மூலை வெட்டின, முரட்டுத்தனமான தலைப்பு ஃபான்ட் தமிழ்ல இன்னும் குறைவுதான். 247 எழுத்து வரையணுமேன்னு பயப்பட வேண்டாம். உயிர்மெய்ல இ, ஈ, உ, ஊ வரிசைக்குத்தான் தனி வடிவம் வேணும்: 18 × 4 = 72. மத்ததுக்கு கால், கொம்பு, புள்ளி சேர்த்தா போதும். ணை, லை, னை மாதிரி எழுத்துகளை 1978 எழுத்துச் சீர்திருத்தம் ஏற்கெனவே சுலபமாக்கிடுச்சு. மொத்தமே நூத்திச் சொச்சம் வடிவம். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவச மென்பொருள். ஒரு செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் அளவு வேலை.

இந்தக் கடற்கரைக்கு இது புதுசும் இல்ல. இந்திய எழுத்துல அச்சாகி இன்னைக்கும் எஞ்சியிருக்கிற மிகப் பழைய புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். தமிழாக்கினவர் புன்னைக்காயல்ல இருந்து வேலை செஞ்ச ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார். அச்சுக்குக் காசு கொடுத்தது முத்துக்குளித்துறை மக்கள். தமிழ் எழுத்தை உலோகத்தில் வார்க்க கடல்ல மூழ்கிச் சம்பாதிச்சவங்க காசு கொடுத்தாங்க. நான் ஒரு ஃபான்ட் டவுன்லோட் பண்ண சோம்பல்பட்டு தலைப்பையே அழிச்சிருக்கேன்.

அதனால ஆரம்பிச்சாச்சு. முதல்ல 'தூத்துக்குடி'. தூ, த், து, க், கு, டி, ஆறே வடிவம். 'டி' கெத்தா வந்துடுச்சு. 'தூ' இன்னும் மல்லுக்கட்டுது. கூட உட்கார யாராவது வாங்க மக்கா. அடுத்த சிம்போசியம் போஸ்டர்ல தமிழ் மேல இருக்கணும்.