கொம்பானியவின் 43 மீற்றர்

வத்தேகம பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நானும் என் நண்பனும் போனைப் பார்த்துச் சண்டை பிடித்தோம். ஒரே இடம், தோளோடு தோள். ஆனால் அவன் போன் காட்டிய உயரத்தைவிட என் போன் காட்டியது கிட்டத்தட்ட நூறு மீற்றர் குறைவு. "ஒன்ட போன் பழசு மச்சான்" என்று அவன் கதையை முடித்துவிட்டான். போனில் பிழையே இல்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஜீபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியைச் சற்று நசுங்கிய, வழுவழுப்பான ஒரு பந்தாக வைத்துக்கொண்டு அந்தக் கணக்குப் பந்திலிருந்துதான் அளக்கிறது. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்புக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. அதில் உலகத்திலேயே ஆழமான பள்ளம் எங்கே தெரியுமா? நம்ம தீவுக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில். ஆழம் 106 மீற்றர். இலங்கையும் அந்தப் பள்ளத்துக்குள்தான் கிடக்கிறது. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. திருத்தாத ஒன்றைக் காலி கடற்கரையில் திறந்து பாருங்கள், நீங்கள் கடலுக்குக் கீழே ஏறக்குறைய நூறு மீற்றரில் நிற்பதாகச் சொல்லும்!

சிரிக்கலாம்தான். ஆனால் நக்கிள்ஸ் மலையில் பனிமூட்டத்துக்குள் வழி தவறிய ஒருவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வரைபடத்தில் தன் இடத்தைத் தேடினால், வேறொரு சரிவில் நிற்பதாக நினைத்துவிடுவார்.

நக்கிள்ஸ் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தொடரில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால், நிறையப் பேர் நக்கிள்ஸ் சிகரம், 1,863 மீற்றர் என்பார்கள். பெயரே அதுதானே! ஆனால் கொம்பானிய 1,906 மீற்றர். 43 மீற்றர் கூட. மூடிய முஷ்டியின் கணுக்கள் மாதிரி இருக்கிறதென்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒரு சிகரத்துக்குப் புகழ் கொடுத்தது, மற்றது காட்டுக்குள் பேசாமல் இருந்துவிட்டது.

43 மீற்றர் பெரிய விசயமா? உயரத்தை மட்டும் பார்த்தால் இல்லை. ஆனால் ஒரு மலைக்கு "தனிமை" என்று இன்னொரு அளவு உண்டு: அதைவிட உயர்ந்த நிலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. கொம்பானியவிலிருந்து அதைத் தேடினால் மகாவலிப் பள்ளத்தாக்கைத் தாண்டி நுவரெலியா பக்கம் போக வேண்டும், முப்பது கிலோமீற்றருக்கு மேல். நக்கிள்ஸ் சிகரத்துக்கோ பக்கத்திலேயே கொம்பானிய நிற்கிறது, சில கிலோமீற்றர்தான். இந்த 43 மீற்றரை மாற்றி எழுதினால் இரண்டு மலைகளின் தனிமையும் அப்படியே இடம் மாறிவிடும். பீதுருதலாகலைக்கு (2,524 மீற்றர்) இந்தக் கணக்கைப் போட்டால் தீவுக்குள் பதிலே இல்லை. கடல் கடந்து பழனி மலைப் பக்கம் போக வேண்டும், ஏறக்குறைய 500 கிலோமீற்றர்.

மூன்றாவது அளவு ஒன்றும் உண்டு. கடல் மெல்ல மெல்ல ஏறுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலை தனித் தீவாகப் பிரியும் நேரத்தில் தண்ணீருக்கு மேலே எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் அந்த மலையின் சொந்த உயரம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த பட்டியலில் தொட்டுப்பொல கந்தை மூன்றாம் இடம், 2,357 மீற்றர். ஆனால் அது நிற்பதே 2,100 மீற்றருக்கு மேலிருக்கும் ஹோர்ட்டன் சமவெளியின் ஓரத்தில். சொந்த உயரம் முந்நூறு மீற்றர்கூட வராது. அந்தப் பட்டியலில் பின்னால் தள்ளப்படும் கொம்பானியவுக்கு அது ஆயிரத்துக்கும் மேல். எல்கடுவ பாதையில் பஸ் ஏறும்போது கழுத்தை நிமிர்த்திப் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த அளவுகளை இன்று பெரும்பாலும் விண்வெளித் தரவுகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 2000 பெப்ரவரியில் ஓர் அமெரிக்க விண்ணோடம் ராடாரால் பூமியைப் படம் பிடித்தது, அதில் ஒரு கட்டம் சுமார் முப்பது மீற்றர். கூர்மையான உச்சி கட்டத்துக்குள் கரைந்து குறைந்துவிடும். காடு மூடிய உச்சியில் ராடார் நிலத்துக்கு முன்னே மரத்தின் தலையில் பட்டுத் திரும்பும். ஒன்று குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. கொம்பானிய மாதிரி முகில்காட்டு மலைக்கு இதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எவரெஸ்டுக்குக்கூட நேபாளமும் சீனாவும் உச்சியிலேயே கருவியை வைத்து அளந்த பிறகுதான் 2020இல் 8,848.86 என்று சேர்ந்து அறிவித்தன. நக்கிள்ஸ் காடு 2010இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டது. அதன் உச்சிக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம்: திருத்தமான கருவியை மேலே வைத்து அளந்து, எந்த மட்டத்திலிருந்து அளந்தது, எத்தனை மீற்றர் பிழை வரலாம் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பாடப் புத்தகத்துப் பட்டியலில் சொந்த உயரத்துக்கும் தனிமைக்கும் இரண்டு நிரல் கூடச் சேர்க்க அரைப் பக்கம் போதும்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப ஒன்ட போன்ல நூறக் கூட்டிக்க" என்றான். வத்தேகமவுக்கு அது ஓரளவு சரிதான்.