ஒரே புளியமரம்... நாற்பது படம்!

யாரையாவது ஒரு மரம் வரையச் சொல்லிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையோ, காலேஜ் முடித்த அக்காவோ, பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். கீழே இரண்டு கோடு, மேலே பஞ்சுமிட்டாய் மாதிரி ஒரு மேகம். வேப்பமரமா, மாமரமா என்று கேட்டால் பதில் இருக்காது. மரம், அவ்வளவுதான்!

பொழுதுபோக்காக வரையும்வரை இதில் ஒரு தப்பும் இல்லை. கதைக்குப் படம் போட வேண்டும், குழந்தைகள் புத்தகத்துக்கு வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் சிக்கல். சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு கதை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள். ஓவியர் செல்போனில் 'மரம்' என்று தேடி, முதலில் வந்ததைப் பார்த்து வரைந்துவிட்டால், பாட்டி தலைக்கு மேல் மேப்பிள் மரம் நிற்கும். படிக்கிறவருக்கு அதன் பெயர் தெரியாமல் இருக்கலாம். 'இது நம்ம ஊர் இல்லையே' என்பது மட்டும் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. ஒரே மரத்தை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வரைவது.

டச்சு ஓவியர் பியட் மோந்திரியானைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். கறுப்புக் கோடுகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் போட்டவர். அந்தக் கட்டங்களுக்கு முன்னால் அவர் மரங்களோடு மல்லுக்கட்டினார். 1908-ல் தொடங்கிய சிவப்பு மரத்தில் கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. பார்த்தால் மரம் என்று யாரும் சொல்லிவிடலாம். 1911-ல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. 1912-ன் பூத்த ஆப்பிள் மரத்தில் தலைப்பைப் படித்தால்தான் மரம் என்றே தெரியும். நான்கைந்து வருடத்தில் ஒரு மனிதரின் பாணியே மாறிப்போனதை இந்தப் படங்களை வரிசையாக வைத்தால் பார்க்கலாம்.

நம் ஓவியர் கே.எம்.ஆதிமூலம் எடுத்துக்கொண்டது மரம் அல்ல, காந்தி. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கோட்டிலேயே காந்தியைச் சுமார் நூறு விதமாக வரைந்தார். அந்தக் கோடுகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

மரத்துக்கே வருவோம். சென்னையில் உள்ள தாரா புக்ஸ் 2006-ல், மரங்களின் இரவு வாழ்க்கையைச் சொல்லும் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூன்று பேரும் வரைந்த மரங்கள். கறுப்புக் காகிதத்தில், கையாலேயே ஸ்கிரீன் பிரின்ட் செய்யப்பட்ட புத்தகம். 2008-ல் இத்தாலியின் போலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் விருதும் வாங்கியது. அதில் ஒரு மரம்போல இன்னொரு மரம் இல்லை. கோண்டு ஓவியர்கள் உருவத்துக்குள் நிரப்பும் புள்ளி, கோடு, பிறை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்து மாதிரி. அவற்றைப் பார்த்துப் பழகலாம். அப்படியே எடுத்து நம் பெயரில் விற்பது மட்டும் வேண்டாம். அது அடுத்தவர் கையெழுத்தைப் போடுவதுதான்.

சரி, வீட்டில் எப்படி ஆரம்பிப்பது? கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா போதும். ரப்பர் தேவையில்லை. சொல்லப்போனால், ரப்பர் இருந்தால்தான் கெடுதல். அழிப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும். தினமும் நீங்கள் கடக்கிற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பஸ் ஸ்டாப் புளியமரம் என்றால் ரொம்ப நல்லது.

முதல் சில நாள், மரம் எப்படி இருக்கிறதோ அப்படியே. நன்றாக வராது, வர வேண்டியதும் இல்லை. அப்புறம் விதியை மாற்றுங்கள். சாயங்கால வெளிச்சத்துக்கு எதிரே நின்று, இலை கிளை எதுவும் பார்க்காமல், மொத்த உருவத்தையும் கறுப்பாக நிரப்பிவிடுங்கள். புளியமரம் கவிழ்த்த சட்டி மாதிரி அகலமாக நிற்பது அப்போதுதான் கண்ணில் படும். இன்னொரு நாள், பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில். இன்னொரு நாள் முப்பதே விநாடியில். ஒரு நாள் மரத்தையே வரையாமல், கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகளை மட்டும். இது கொஞ்சம் எரிச்சலூட்டும் பயிற்சி, ஆனால் பலன் அதிகம். 'கிளை இப்படித்தான் போகும்' என்று மனசு எழுதி வைத்திருக்கும் பொய்யெல்லாம் இதில் உடைந்துவிடும்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. புள்ளி வைத்து, சிக்குக் கோலத்தின் வளைகோட்டிலேயே அந்த மரத்தைக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். இந்தப் பாணியை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லித் தராது. அது ஏற்கெனவே உங்கள் விரலில் இருக்கிறது.

கிளை வரைவதற்கு ஒரு சூட்சுமத்தை லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். எந்த உயரத்தில் பார்த்தாலும், அங்குள்ள கிளைகளையெல்லாம் சேர்த்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்பது அவர் கணக்கு. இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி 1978-ல் மரம் வரைவதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். பிரியப் பிரியக் கிளை மெலியும் என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு புத்தகம் முழுக்கப் போகிறார். புதிதாக வரைகிறவர்கள் அடிமரத்தை ஒல்லியாகவும் நுனிக்கிளையைத் தடியாகவும் போடுவது சகஜம். அந்தத் தப்பு இதைத் தெரிந்துகொண்டாலே பாதி சரியாகிவிடும்.

நாற்பது படம் என்பது சாஸ்திரம் அல்ல, முப்பதில் நிறுத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால், பத்தில் நிறுத்திவிடாதீர்கள். பத்துப் பதினைந்து படம் வரைக்கும் தெரிந்ததைத்தான் கை வரைந்துகொண்டிருக்கும். அது தீர்ந்து, 'இனி என்ன செய்வது' என்று முழிக்கும்போதுதான் புதிதாக ஏதாவது வரும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி போட்டு வையுங்கள். கடைசியில் ஒரு படம், மரத்தைப் பார்க்காமல், வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து. கதைக்குப் படம் போடும்போது மரம் எதிரே வந்து நிற்காதே!

புளி முடிந்தால் அடுத்த மரத்துக்குப் போகலாம். சேலம் பக்கத்தில் மரத்துக்கா பஞ்சம்? மாந்தோப்பு இருக்கிறது, வேம்பு இருக்கிறது. மழை வந்தாலும் அந்தி சாய்ந்தாலும் இலையை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரத்தைக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு விதமாக வரையலாம். ஏற்காடு ஏறினால் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நெட்டுக்குத்தாக நிற்கும், மேலே மிளகுக் கொடி சுற்றியிருக்கும்.

பனையும் தென்னையும் சுலபம் என்று நினைத்து நிறைய பேர் ஏமாறுவார்கள். தென்னையின் மட்டையில் இருபுறமும் கீற்று இறங்கும், மரமும் கொஞ்சம் சாய்ந்து வளையும். பனையோலை விசிறி மாதிரி விரிந்து நிற்கும், தலை உருண்டையாக இருக்கும், காய்ந்த ஓலைகள் கழுத்தைச் சுற்றித் தொங்கும். பனைக்குத் தென்னங்கீற்றைப் போட்டு அனுப்பினால், ஆசிரியர் கண்ணில் தப்பினாலும் கொண்டப்பநாயக்கன்பட்டி வாசகர் விடமாட்டார்.