கூத்து யாருக்குச் சொந்தம்?

பங்குனி பிறந்தது முதல் ஆடி முடிகிற வரையில் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய ஜில்லாக்களின் கிராமங்களில் பாரதக் கூத்து நடந்து வருவது யாவரும் அறிந்ததேயாகும். திரௌபதி அம்மன் கோவிலில் பகலில் பாரதம் படிப்பதும், இரவெல்லாம் கூத்தாடுவதும், கடைசி நாளில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துவதும், மாலையில் தீ மிதிப்பதுமாகப் பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊருக்கு ஊர் நடைபெறுகின்றன. கிராமத்தானுக்கு வருஷத்தில் நாடகமும், சங்கீதமும், சிற்பமும் ஒரே இடத்தில் கிடைக்கிற காலம் இந்தக் கோடைதான். ஆகவே இது யாருக்குச் சொந்தம், யார் பேரால் நடக்கிறது என்பதைப் பற்றிச் சற்று யோசிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

கூத்து விட்டால் மழை பெய்யும் என்று வைதிகர்கள் சொல்லுகிறார்கள். கோடை என்பது என்ன? அறுப்பு முடிந்து, நிலம் காய்ந்து, குடியானவன் கையில் நாலு காசும் உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற காலம். விடிய விடிய வெட்டவெளியில் உட்காருவதற்கும் மழையில்லாத நாள்தான் வேண்டும். அதனாலேயே கூத்து கோடையில் வந்து சேர்ந்தது. அதற்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த ஜில்லாக்களில் மாலை வேளைகளில் இடியோடு மழை பெய்வது சகஜம். கூத்து விட்ட ஊருக்கு ஒரு மேகமும் விடாத ஊருக்கு வேறு மேகமுமா வருகின்றன? பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தெரிகிற சங்கதிக்கு அம்மனுடைய சிபார்சு எதற்கு?

நிற்க, நமது தோழர்களில் சிலர் இதற்கு நேர்மாறாக, "இது புராணக் குப்பை, அந்தப் பக்கமே போகக் கூடாது" என்கிறார்கள். இதையும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஐந்து பேருக்கு ஒரு பெண்ணை மனைவியாக்கி, பிறகு அவளைச் சூதாட்டத்தில் பணயமாகவும் வைத்த கதையில் நமக்கு எள்ளளவும் மரியாதை கிடையாது. ஆனால் கதை வேறு, அதை ஆடுகிறவனுடைய தொழில் வேறு. கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்து, கிரீடமும் புஜக் கட்டையும் செய்கிறானே, அந்தக் கை கடவுளுடைய கையா? முகவீணைக்கும் மத்தளத்துக்கும் மேலே குரலெடுத்து, ஒலிபெருக்கியில்லாத காலத்திலும் கடைசி வரிசைக் கிழவிக்குக் கேட்கும்படி பாடினானே, அந்தத் தொண்டையை எந்த அம்மன் கொடுத்தாள்? பாடுபட்டுப் பழகியதனால் வந்த திறமையல்லவா?

மேலும் கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. ராஜா வேஷம் வந்தவுடன் "நீர் யார், உமக்கு என்ன வேலை?" என்று விசாரித்து, அவருடைய டம்பத்தையெல்லாம் கிண்டல் செய்து ஜனங்களைச் சிரிக்க வைப்பதே அவன் உத்தியோகம். அரசனையும் ரிஷியையும் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு ஆளை நிறுத்தி வைத்திருக்கிற கலையை நாம் ஏன் புரோகிதக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? துகிலுரிதலன்று, தன்னையே தோற்றுப் போன புருஷனுக்குத் தன்னைப் பணயம் வைக்க ஏது பாத்தியதை என்று அந்தப் பெண் சபையைப் பார்த்துக் கேட்கிறாள். அந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்பதுதான் நமது ஆசை.

ஆனால் நடப்பது என்ன? திருவிழா நோட்டீசில் அம்மன் பெயர் பெரிய எழுத்து, உபயதாரர் பெயர் அடுத்த எழுத்து, ஆடுகிறவன் பெயர் அடியில். 30, 40 அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணில் படுக்க வைத்த கைக்கோ பெரும்பாலும் பெயரே கிடையாது. இரவு முழுவதும் மகாராஜாவாக இருந்தவன் பொழுது விடிந்து அரிதாரம் கழுவியதும் வெறும் "கூத்தாடி"யாகி விடுகிறான். அந்தச் சொல்லை நம்மவர்கள் வசவாகவல்லவா வைத்திருக்கிறார்கள்! கலை வேண்டும், கலைஞனுக்கு மரியாதை வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

பார்க்கிறவர்கள் கதியும் இதுவே. விழுப்புரம் ஜில்லா மேல்பாதி கிராமத்தில், இதே திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவின்போது 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் வந்தார்கள் என்பதற்காகத் தகராறு உண்டாகி, ஜூன் மாதம் அதிகாரிகள் கோவிலுக்கே பூட்டுப் போட்டு முத்திரை வைக்க நேர்ந்தது. 2025 ஏப்ரலில் போலீசார் காவலோடுதான் அம்மக்கள் உள்ளே நுழைய முடிந்தது. சபையில் ஒரு பெண்ணை அவமானப்படுத்தியதற்காக வருஷந்தோறும் மண் துரியோதனனைக் கொல்லுகிறவர்கள், உயிருள்ள மனிதனை வாசற்படியில் நிறுத்தி அவமானப்படுத்துகிறார்கள். இவர்கள் பாரதம் கேட்டதனால் அடைந்த பலன் இதுதானா?

பெண்கள் சங்கதி இன்னும் விசேஷம். திருவிழாவுக்குப் பெயர் கொடுத்தவள் பெண். அவள் வேஷத்தை வழக்கமாகக் கட்டுகிறவன் ஆண். பெண்ணுக்கு முடியாது என்பார்கள். காஞ்சிபுரத்துக்கு அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பையன்களோடு பெண் குழந்தைகளும் படிப்பும் கூத்தும் சேர்த்துக் கற்று மேடையேறினார்கள். உலகம் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

சாமி இல்லாவிட்டால் கூத்தே இல்லை என்பார்க்கும் பதில் இருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் பாரதம் மாத்திரமல்லாமல், ஜெர்மானிய ஆசிரியர் பிரெக்டின் நாடகத்தையும், கொலம்பியா தேசத்து மார்க்கேஸ் எழுதிய கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். அடவும் பாட்டும் அப்படியேதான் இருந்தன. கூத்தைத் தாங்கி நிற்பது ஆடுகிறவனுடைய காலே என்பதற்கு வேறு ருஜு வேண்டுமா?

ஆகவே கிராமத்துத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கோடையில் கூத்துக்குத் தாராளமாய்ப் போங்கள், புண்ணியத்துக்காக வேண்டாம், சந்தோஷத்துக்காகப் போங்கள். கூத்து மேடையைக் கோவில் வாசலிலிருந்து ஊர்ப் பொது இடத்துக்கு, எல்லாத் தெருக்காரரும் தடையின்றி வந்து கலந்து உட்காரும் இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆடுகிறவர், மரம் செதுக்கினவர், மண் பிசைந்தவர் பெயர்களை நோட்டீசில் முதலில் போடச் சொல்லுங்கள். காணிக்கையாய் இல்லாமல் கூலியாக, முன்கூட்டிப் பேசிய தொகையை முழுதும் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த மண் உருவத்தை அன்றைக்கே சிதைத்துவிடாமல் நாலு நாள் வைத்து, கட்டைகளையும் கிரீடங்களையும் பக்கத்தில் பரப்பி, பள்ளிக்கூட விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவை செய்யப்படும் விதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்ல கலைக்காட்சி எந்தப் பட்டணத்தில் இருக்கிறது?

இதில் அம்மனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் அம்மன் பேரால் அதிகாரம் செய்கிறவர்களுக்குத்தான். அவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்பதற்காக, விடிய விடிய தொண்டை வறளப் பாடுகிறவனுடைய மானத்தை நாம் இன்னும் எத்தனை கோடைக்கு அடகு வைத்திருப்பது?