சந்தியில் புல் முடிவோர் யார்?

ஆற்றுப்படை என்றொரு இலக்கிய வகையைப் பெற்றிருப்பதாகப் பெருமை பேசும் இனம் நம்முடையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனை வழியில் கண்டு, இன்ன திசையில் செல், இன்ன ஊரில் தங்கு, இன்னாரைக் காண் என்று சொல்வதையே ஓர் இலக்கணமாக வகுத்த மொழி இது. இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி, தேர்வில் கேட்டு, மதிப்பெண்ணும் போட்டு வருகிறோம். சென்ற ஆண்டு நம் முதலாண்டு மாணவி ஒருத்தி, “கிண்டியிலிருந்து மயிலாப்பூருக்குச் சைக்கிளில் எப்படி ஐயா வருவது?” என்று கேட்டபோது நம்மால் விடை சொல்ல முடியவில்லை.

விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளைப் பேருந்தின் மேற்கூரையில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய அத்திட்டம் பின்னர் மற்ற மாணவியருக்கும் மாணவருக்கும் விரிந்தது. ஒரு தலைமுறைக்கே சைக்கிள் கொடுத்த அரசு நம்முடையது. ஆனால் அந்தத் தலைமுறை நகரத்துக்குள் நுழையும்போது ‘இப்படிப் போ’ என்று சொல்ல ஒரு பலகையை நட யாருக்கும் தோன்றவில்லை.

வழி இல்லாமல் இல்லை. சர்தார் படேல் சாலையிலிருந்து காந்தி மண்டபம் சாலையில் திரும்பி, கோட்டூர்புரம் பாலத்தில் அடையாற்றைக் கடந்து, சேமியர்ஸ் சாலையைப் பிடித்தால் மந்தைவெளி; அப்பால் மயிலை. சைதாப்பேட்டைக்குப் போய் மறைமலையடிகள் பாலத்துப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதை நாமே பின்னர்தான் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அதிலும் ஒரு சிக்கல். சேமியர்ஸ் சாலை என்று நாம் சொல்லும் சாலையின் முறையான பெயர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை. பேச்சில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர். ஜெமினி ஸ்டுடியோ மறைந்து எத்தனையோ காலமாகியும் ‘ஜெமினியில் இறங்கு’ என்கிறோம். இந்நகரம் தன் வழிகளைத் தன் பழைய குடிகளின் நினைவில் மட்டுமே எழுதி வைத்திருக்கிறது. புதிதாய் வருபவருக்கு அந்நினைவு ஏது?

நம் சட்டம் சைக்கிளை அறியாதது அன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சாலைக் குறியீடுகள் வரையப்பட்டுள்ளன. சைக்கிளுக்குத் தடை என்று ஒன்று. சைக்கிள் தடத்தில்தான் செல்ல வேண்டும் என்று ஒன்று. சைக்கிள் குறுக்கிடும், எச்சரிக்கை என்று ஒன்று. சைக்கிளை இங்கே நிறுத்துக என்று ஒன்று. வராதே, ஒதுங்கிப் போ, இவன் வருகிறான் பார்த்துக்கொள், இங்கே நில். இந்த நான்கில் எதுவும் சைக்கிள் ஓட்டுபவரை ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டிய மனிதராகக் கருதவில்லை. அந்தக் காலத்தில் நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கிச் சைக்கிளில் மாட்ட வேண்டும்; விளக்கில்லாமல் போனாலோ ‘டபுள்ஸ்’ ஏற்றினாலோ போலீஸ்காரர் பிடிப்பார். வில்லையும் போயிற்று, விளக்கும் போயிற்று. சைக்கிள்காரரைக் கண்டால் அதட்ட வேண்டும் என்ற மனநிலை மட்டும் போகவில்லை.

மேம்பாலம் ஒன்றின் தொடக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் வரைந்த பலகையைப் பார்த்திருக்கிறோம். சரி, மேலே போகக்கூடாது. பின் எப்படிப் போவது? இடமா, வலமா, அடியிலா, அடுத்த சந்திலா? பலகை மௌனம் சாதிக்கிறது. கார்க்காரருக்கு மட்டும் விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர், எந்தத் தடத்தில் ஒதுங்க வேண்டும் என்று அரை கிலோமீட்டர் முன்பிருந்தே பச்சைப் பலகைகள் பணிவோடு அறிவிக்கின்றன. தடை விதிப்பவனுக்கு மாற்று வழி காட்டும் கடமை உண்டு. அக்கடமையைச் செய்யாத தடை, விரட்டுவதற்குச் சமம்.

இங்கே சில மறுப்புகள் எழும். முதலாவது: “பாதையே இல்லாத ஊரில் பலகை எதற்கு?” நியாயமான கேள்விதான். ஆபத்தான சாலையில் அழகிய பலகை நட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்பது மோசடி. அதை நாம் கேட்கவில்லை. ஆனால் இருக்கும் அமைதியான தெருக்களைக் கோத்து ஒரு வழியாக்குவது பலகைதான். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாநிலத்தில் ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் செய்தது இதைத்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் சுரங்கப் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண் இடும் வழக்கத்தை அவர் மேலே கொண்டுவந்தார். சைக்கிள் செல்லத்தக்க வழிகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் ஓர் எண்; ஒவ்வொன்றிலும் அடுத்த எண்ணுக்கு ஓர் அம்புக்குறி. 1995இல் தொடங்கிய அம்முறை நெதர்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. 12, 27, 31 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் போதும், ஊர் பேர் தெரியாதவரும் போய்ச் சேரலாம்.

இதன் அருமை நம் நகரத்துக்கே மிகுதியாகப் பொருந்தும். சென்னையில் இன்று சைக்கிள் மிதிப்போர் யார்? பின்னிருக்கையில் தேநீர்க் கேனைக் கட்டிச் செல்பவர், நாளிதழ் போடும் பையன், இரவுக் காவலர், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து கட்டடவேலை செய்பவர். அவருட் பலருக்குத் தமிழும் ஆங்கிலமும் படிக்க வராது. எண்ணைப் படிக்க வரும். நம் தமிழ்த்துறைகளில் ‘மிதிவண்டி’ என்பதா ‘ஈருருளி’ என்பதா என்று மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். அந்தச் சொல்லை எழுத ஒரு பலகையாவது இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் குற்றச்சாட்டு முதலில் நமக்கே.

இரண்டாவது மறுப்பு: “கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே!” கைப்பேசி காட்டிய வழியே போய் மேம்பாலத்தின் முன் திகைத்து நின்ற அனுபவம் நமக்குண்டு. தவிர, சைக்கிளில் போகிறவர் ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு வழிவிட வேண்டுமா? பலகை ஓட்டுபவருக்கு மட்டும் பேசுவதும் இல்லை. இது சைக்கிள் செல்லும் வழி என்று பின்னால் வரும் காருக்கும் அது சொல்கிறது.

மூன்றாவது: “இனி யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?” 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் நீங்கலான பணியாளருள் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் வேலைக்குச் சென்றார்கள். அவர்கள் கண்ணில் படாததற்குக் காரணம், பார்ப்பவர் காருக்குள் இருப்பது. 2014இல் சென்னை மாநகராட்சியே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. அக்கொள்கையைப் படித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் பார்த்தால், இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவைதாமா என்ற ஐயம் வருகிறது.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. சைக்கிளுக்குத் தடை என்ற பலகை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அதன் கீழேயே மாற்று வழியும் தொலைவும் குறிக்கப்பட வேண்டும். ஆற்றையும் ரயில் பாதையையும் கடக்கும் இடங்களிலிருந்து தொடங்கி, அமைதியான தெருக்களின் சந்திப்புகளுக்கு எண் இட வேண்டும். நட்ட பலகையைச் சுவரொட்டியும் மரக்கிளையும் மறைக்காமல் காக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எந்தத் தெரு உகந்தது என்பதைச் சொல்லச் சைக்கிள் ஓட்டுபவர்களையே அழைக்க வேண்டும்.

மலைபடுகடாத்தில் கூத்தருக்கு வழி சொல்பவன் பன்றிக்கு வைத்த பொறியையும், தினைப்புனக் காவலரின் கவண்கல்லையும், வழுக்கும் பாறையையும் சொல்லி எச்சரிக்கிறான். அத்தோடு நில்லாமல் இன்னொன்றும் சொல்கிறான்: நிலம் புதிதாகிய நீங்கள், வழிகள் கவர்த்துப் பிரியும் சந்திகளைத் துடைத்து, அடையாளமாகப் புல்லை முடிந்து இட்டுச் செல்லுங்கள் என்று. பின்னால் வருபவர் தவறிவிடக்கூடாது என்பதற்காக என்று உரை விளக்குகிறது. அதற்கு ஆன செலவு ஒரு பிடிப் புல்.

அந்த மாணவி இப்போது பேருந்தில் வருகிறாள். அவள் சைக்கிள் விடுதியின் படிக்கட்டடியில் காற்றிறங்கிக் கிடக்கிறது. வழி தெரிந்தபின் அவளிடம் சொன்னோம். “இப்போது சொல்கிறீர்களே ஐயா” என்று சிரித்தாள். இந்தப் பருவத்திலும் மலைபடுகடாம் பாடம் உண்டு. அந்தப் புல் முடியும் இடத்தை அவள் முன் எந்த முகத்தோடு நடத்துவது என்று தெரியவில்லை.