கூலியும் கௌரவமும்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு காரியத்தை முன்னிட்டுத் திண்டுக்கல் போயிருந்தோம். காரியம் முடிந்ததும், நாகல் நகரில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்காமல் ரயில் ஏற மனம் வரவில்லை. நண்பர் சௌராஷ்டிர வகுப்பைச் சேர்ந்த நெசவாளர். அறுபது வயது தாண்டிய பிறகும் தறியில் உட்கார்ந்தால் கையும் காலும் இருபது வயதுக்காரருடையவைபோல் ஓடும். அன்று தறி ஓயவில்லை. ஆனால் நண்பரின் முகத்தில் பண்டிகைக் களை இல்லை.

காரணம் சிறிது நேரத்தில் தெரிந்தது. அவருடைய மகன் தாய்லாந்திலே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில உபாத்தியாயர். அங்கே முதற் பருவம் முடிந்து ஐப்பசியில் கிடைக்கும் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். எம்.ஏ. தேறியவர், பி.எட். பயிற்சியும் பெற்றவர். போன வருஷம் தாயாரின் வளையல்களை அடகு வைத்துத்தான் விமானம் ஏறினார். வளையல்கள் இன்னமும் அடகுக் கடையிலேதான் இருக்கின்றன.

"ஐயா, எனக்கு மாதம் 25,000 பாட் கொடுக்கிறார்கள். அடுத்த வகுப்பறையில் பாடம் நடத்துகிறவருக்கு 35,000 பாட். அவருக்கு ஆசிரியப் பயிற்சி கிடையாது. அவருடைய பாடக் குறிப்புகளில் இலக்கணப் பகுதியை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அவர் பிறந்த தேசம் இங்கிலீஷ் பேசும் தேசம். நான் பிறந்தது நாகல் நகர். வித்தியாசம் அவ்வளவுதான். ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது. சம்பளம் கூட்டிக் கேட்கலாமா, கேட்டால் உள்ளதும் போய்விடுமா என்று தெரியவில்லை" என்றார் பிள்ளை.

நண்பர் குறுக்கிட்டார். "நீங்களே சொல்லுங்கள். எழுந்திருந்து வந்துவிடு என்கிறேன் நான். கடன் தீரட்டும் என்கிறான் இவன்."

இது ஒரு வீட்டு விவகாரம் மட்டுமல்ல என்று நமக்குப் பட்டது. இன்று தமிழ் நாட்டிலிருந்து மாலத் தீவுக்கும், வளைகுடா நாடுகளுக்கும், கிழக்கே உள்ள தேசங்களுக்கும் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றிருக்கும் ஆண்களும் பெண்களும் கொஞ்சமல்ல. அவர்கள் எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்விதான் இது. ஆகையால் அன்று அந்தத் திண்ணையிலே பேசியதை நேயர்களோடும் பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னோம். 1885-ம் வருஷம் ஜகதீச சந்திர போஸ் இங்கிலாந்தில் படிப்பை முடித்துத் திரும்பி, கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் அதே வேலை பார்க்கும் ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தில் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். போஸின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் சண்டை போடவில்லை, ராஜினாமாச் செய்யவுமில்லை. மூன்று வருஷ காலம் சம்பளத்தைக் கையால் தொடாமலே பாடம் நடத்திக் கொண்டிருந்தார். அவர் தகப்பனாருக்குக் கடன் தொல்லை மிகுந்திருந்த சமயம் அது. கடைசியில் அதிகாரிகள் அவருடைய திறமையை ஒப்புக்கொண்டு, முழுச் சம்பளத்தை ஆரம்பத்திலிருந்தே கணக்கிட்டு மொத்தமாகக் கொடுத்தார்கள். அந்தப் பணம் தகப்பனாரின் கடனை அடைக்க உதவியது.

பிள்ளை சிரித்தார். "மூன்று வருஷம் சம்பளம் வாங்காமல் இருந்தால் அடகுக் கடைக்காரர் வளையலை ஏலம் போட்டுவிடுவாரே!" என்றார். வாஸ்தவம். போஸைப்போல் பட்டினி கிடக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது பட்டினி அல்ல. அந்த மூன்று வருஷத்திலும் அவர் பாடத்தில் குறை வைக்கவில்லை என்பதுதான். சம்பளம் குறைவு என்பதற்காக வேலையையும் குறைத்திருந்தால், குறைந்த சம்பளம்தான் இவருக்கு நியாயம் என்று எதிராளிகள் சாதித்திருப்பார்கள்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அன்று நம் தேசத்திலே அந்நியனாக வந்தவனுக்கு, அந்நியன் என்பதனாலேயே அதிகச் சம்பளம். இன்று அந்நிய தேசத்திலே நம்மவர், இன்ன தேசத்து அந்நியர் என்பதனாலேயே குறைந்த சம்பளம் பெறுகிறார். தராசு இடம் மாறிவிட்டது, படிக்கல் மாறவில்லை.

'ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்' என்பதே அந்தப் படிக்கல். தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கென்று ஏற்பட்ட விஸாவை அமெரிக்கா, பிரிட்டன், கானடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு தேசத்தாருக்கே வழங்குவது என்று வைத்திருந்தார்கள். 2010 ஜனவரியில் அமுலுக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார உடன்படிக்கையினால்தான், துணை ஆசிரியர் என்ற அளவுக்கு நம்மவருக்கும் அங்கே கதவு சற்றுத் திறந்தது. இந்த ஏழில் ஒன்றான தென் ஆப்பிரிக்காவில், 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை! ஆகவே பார்க்கப்படுவது நாக்கு அல்ல, பாஸ்போர்ட்டு என்பது வெளிப்படை.

உண்மையில் நாகல் நகர்ப் பிள்ளைக்கு ஒரு தனி யோக்கியதை உண்டு. வீட்டிலே சௌராஷ்டிரம், வீதியிலே தமிழ், பள்ளிக்கூடத்திலே ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளில் வளர்ந்தவர் அவர். 'பஸ்ஸு' என்று ஆரம்பித்து, கடைசி 'உ'வைக் கஷ்டப்பட்டு உதிர்த்தவர். தாய்லாந்துக் குழந்தைக்கோ ஆங்கிலச் சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' எளிதில் வராது. அது 'ட்' என்று நின்றுவிடும். அந்தக் குழந்தை எந்த இடத்தில் இடறும் என்பது, அதே பாதையில் தானும் இடறி நடந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறவியிலேயே நீந்தத் தெரிந்த மீன், நீச்சல் கற்றுக் கொடுக்க லாயக்கா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, எப்படிக் கேட்பது? இதற்கு நாம் வாய் திறக்குமுன்பே தகப்பனார் விடை சொல்லிவிட்டார்.

"நாங்கள் கூலி கேட்கும்போது, வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று முதலாளியிடம் சொல்லமாட்டோம். சொன்னால் இரக்கப்பட்டு ஐம்பது ரூபாய் கடன் கொடுப்பார், கூலியை உயர்த்தமாட்டார். பாவு இத்தனை, ஊடை இத்தனை, கரை வேலைக்கு இத்தனை, முந்திக்கு இத்தனை நாள் என்று சேலையை விரித்துப் போட்டுத்தான் பேசுவோம். சேலை பேசும்."

இதைவிடச் சிறந்த யோசனையை எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்ல முடியாது. வளையல் அடகில் இருப்பது பள்ளி நிர்வாகியின் கவலை அல்ல. எத்தனை வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை குழந்தைகள் பரீட்சையில் முன்னேறினார்கள், யார் வராத நாளில் யார் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தோம், பெற்றோர் எழுதிய கடிதம் ஏதேனும் உண்டா என்பதையெல்லாம் ஒரே காகிதத்தில் எழுதி விரித்து வைக்க வேண்டும். அடுத்த அறைக்காரரின் 35,000 பாட்டை முதல் வார்த்தையாக எடுத்தால் அது பொறாமை போலத் தோன்றும். வேலைக் கணக்கு முடிந்த பிறகு அதைச் சொன்னால் நியாயமாகத் தோன்றும்.

இரண்டாவது, மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. பிள்ளையின் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தோம். பத்து மாதத்துக்குத்தான் சம்பளம்! அங்கே பள்ளிக்கூட வருஷம் மே மாத மத்தியில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. 25,000 வீதம் பத்து மாதத்துக்கு 2,50,000 பாட். பன்னிரண்டு மாதத்துக்கு 3,00,000 பாட். மாதச் சம்பளத்தில் ஒரு பாட் கூட உயர்த்தாமல், விடுமுறைச் சம்பளத்தை மட்டும் கேட்டு வாங்கினாலே நூற்றுக்கு இருபது வீதம் உயர்வு! 'இவருக்குக் கூட்டினால் மற்றவருக்கும் கூட்ட வேண்டுமே' என்று மாதச் சம்பளத்தில் கை வைக்கத் தயங்கும் நிர்வாகி, இதற்கு இணங்கலாம். வீட்டு வாடகை, வருஷத்துக்கு ஒரு விமானச் சீட்டு, விஸாச் செலவு, வைத்திய இன்ஷ்யூரன்ஸ் ஆகியவையும் சம்பளத்தின் தம்பிகளே.

மூன்றாவது, எந்த நாணயத்தில் சம்பளம் என்பது. மாலத் தீவில் 2011 ஏப்ரல் மாதத்தில் நடந்ததை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். அதுவரையில் டாலருக்கு 12.80 ருஃபியாவாக இருந்த மதிப்பு, சர்க்கார் பிடியைத் தளர்த்தியதும் 15.42 வரையில் இறங்கிவிட்டது. ருஃபியாவில் சம்பளம் வாங்கிக் கொண்டிருந்த அயல்நாட்டு உபாத்தியாயருக்கு, யாரும் சம்பளத்தைக் குறைக்காமலே, டாலர்க் கணக்கில் ஆறில் ஒரு பங்கு குறைந்து போயிற்று. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் இதை ஒப்பந்தம் எழுதும்போதே நினைத்துக் கொள்ள வேண்டும்.

நான்காவது, காலம். விதைக்கிற காலத்தில் விதைக்க வேண்டும். மே மாதத்துக்கு வேண்டிய ஆசிரியரைத் தேடும் வேலை அங்கே தை, மாசியிலேயே நடக்கிறது. அப்போது பேசினால், புது ஆளைத் தேடும் தொல்லையை எண்ணி நிர்வாகி காது கொடுப்பார். பங்குனிக் கடைசியில் பேசினால், ஆள் வந்தாயிற்று என்பார். கையில் வேறொரு பள்ளியின் அழைப்பு இருந்தால் பேச்சுக்குப் பலம் வரும். இல்லாத அழைப்பை இருப்பதாகச் சொல்வது மட்டும் கூடாது. பொய் என்று தெரிந்தால் வேலையோடு பேரும் போகும். கோபித்துக் கொண்டு நடுவில் வெளியேறுவதும் ஆபத்து. அங்கே வேலை அனுமதிச் சீட்டு எஜமானரோடு கட்டுப்பட்டது. வேலை போனால் தங்கும் உரிமையும் அதோடு போகும். தகப்பனார் 'எழுந்திருந்து வா' என்றது அன்பினால். ஆனால் எழுந்திருக்கும் நாளையும் நாமே குறிக்க வேண்டும்.

"ஒருவனாகப் போய்க் கேட்பதைவிட எல்லோருமாகக் கேட்டால் என்ன?" என்று பிள்ளை வினவினார். நல்ல கேள்வி. ஜப்பானிலே பெர்லிட்ஸ் என்னும் பாஷைப் பள்ளியின் அயல்நாட்டு உபாத்தியாயர்கள் 2007 டிஸம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நூற்றுக்கு 4.6 வீதம் சம்பள உயர்வும் ஒரு மாத போனஸும் அவர்கள் கேட்டவை. நிறுவனம் சங்கத்தின் மீது 11 கோடி யென் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. 2012-ல் டோக்கியோ நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிறகு ராஜி ஏற்பட்டது. ஐந்து வருஷப் போராட்டம்! ஆனால் ஜப்பானில் அந்நியருக்கும் சங்கம் வைக்கும் உரிமை உண்டு. தாய்லாந்தில் 1975-ம் வருஷத்துச் சட்டப்படி தொழிற்சங்கம் தொடங்குகிறவர்கள் அந்நாட்டுக் குடிகளாகவே இருக்க வேண்டும். ஆகவே ஊரின் சட்டம் அறியாமல் கொடி தூக்கலாகாது. சங்கம் வைக்க இயலாத இடத்தில், ஒருவருக்கொருவர் சம்பளத்தை மறைக்காமல் சொல்லிக்கொள்வதே பாதிச் சங்கம்.

இதே ஜப்பானில் சர்க்கார் ஆதரவில் 1987 முதல் நடந்துவரும் 'ஜெட்' என்னும் திட்டத்தில் இந்தத் தொல்லையே இல்லை. எந்தத் தேசத்தவராயினும் முதல் வருஷத்துக்கு இவ்வளவு, இரண்டாம் வருஷத்துக்கு இவ்வளவு என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். 2012 முதல் முதல் வருஷத்தாருக்கு 33,60,000 யென் என்று இருந்ததை 2025-ல் 40,20,000 யென்னாக உயர்த்தினார்கள். சம்பளம் வெளிச்சத்தில் இருந்தால் பாஸ்போர்ட்டின் நிறம் அதில் ஒட்டாது.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு நம் சர்க்காரின் குடியேற்ற அனுமதி வேண்டியதில்லை. அது ஒரு சௌகரியம்; அதே சமயத்தில், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் போகிறவர் தலையில் விழுகிறது. பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர அதிகமாக வாங்கக்கூடாது என்பது சட்டம். 1978-ல் தமிழ் நாட்டு சர்க்கார் ஏற்படுத்திய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. வளையலை அடகு வைக்குமுன் அங்கே ஒரு நடை போய்வரலாம்.

இவ்வளவும் பேசியபின், கிளம்பும்போது பிள்ளையிடம் ஒன்று கேட்டோம். "இவ்வளவு படித்தவர், இந்த ஊரிலேயே ஏன் வேலை பார்க்கவில்லை?"

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, தாம் இங்கே ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததையும், அங்கே வாங்கிய சம்பளத்தையும் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுத நமக்கு வெட்கமாயிருக்கிறது. அந்தப் பள்ளியில் குழந்தைகளைச் சேர்க்கத் தாங்கள் கட்டும் பணத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் பெற்றோர்களை நாம் அறிவோம். அந்தப் பணத்தில் உபாத்தியாயருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று அவர்களில் ஒருவராவது விசாரித்தது உண்டா? நாமும் விசாரித்ததில்லை. அந்நியன் நம்மைக் குறைவாக மதிக்கிறான் என்று கோபிக்கிறோம். முதலில் மதிப்பைக் குறைத்தவர்கள் யார் என்பதைத் தீபாவளி எண்ணெய் தேய்த்துக் கொள்ளும்போதாவது யோசிக்கலாம்.

பிள்ளை தை மாதத்தில் நிர்வாகியிடம் பேசுவதென்று தீர்மானித்திருக்கிறார். காகிதமும் எழுதத் தொடங்கிவிட்டார். நாம் வாசல் இறங்கும்போது தகப்பனார் தறியருகில் போய் உட்கார்ந்துகொண்டே மகனைப் பார்த்துச் சொன்னார்: "கேள், தம்பி. கேட்டுக் கொடுக்காவிட்டால் குறை அவர்களுடையது. கேட்காமலே இருந்துவிட்டால் குறை நம்முடையது."

தறிச் சத்தம் தெருமுனை வரையில் நம்மோடு வந்தது.