காப்டனும் காடெட்டும்

2017 ஜனவரி 28-ந் தேதி விடியுமுன், பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்த் துறைமுகத்தருகில் இரு கப்பல்கள் மோதி, கரையில் எண்ணெய் படிந்ததை நேயர்கள் மறந்திரார்கள். ராடார் முதலிய கருவிகள் மலிந்த காலத்தில் நேர்ந்த மோதல் அது!

கப்பலைச் செலுத்தும் மேடையில் நிற்போர் கலந்து செயற்படும் பயிற்சியை, மாலுமிப் பயிற்சி பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் 2010 மணிலா திருத்தங்கள் கட்டாயமாக்கின. காப்டன் தவறினால் இளைய உத்தியோகஸ்தன் அஞ்சாது எடுத்துரைக்க வேண்டுமென்பதே அதன் உயிர்நிலை. நாமோ பெரியோர் முன் வாய் பொத்தி நிற்பதையே வீட்டிலும் பள்ளியிலும் ஒழுக்கமெனப் பழக்குகிறோம். சிமுலேட்டர் யந்திரத்தை வாங்கி வைத்தால் மட்டும் இவ்வழக்கம் போய்விடுமா?

பழவேற்காட்டு முகத்துவாரத்திலிருந்து இருட்டில் கடலேறும் சிறு படகுகள் ராடாரில் எப்போதும் தெளிவாய்த் தெரிவதில்லை. காவல் நிற்கும் காடெட்டின் கண்ணுக்கே அவை முதலிற் படக்கூடும். அவன் துணிந்து குரல் கொடுப்பதைப் பரீட்சைக்குரிய பாடமாக்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம்.