நடந்து காண ஒரு தீவு

அந்தமானுக்கு வரும் உறவினர்கள், செல்லுலார் சிறையையும் கடற்கரைகளையும் பார்த்து முடித்த கையோடு, பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகாமல் ஊர் திரும்புவதா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது; எங்கள் பத்துபஸ்தியில் விருந்தாளி தங்கியிருக்கும் வீட்டில் பின்னிரவு மூன்று மணிக்கு விளக்கெரிந்தால், யாரோ பாராடாங்குக்குப் புறப்படுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் தாமாகவே தெரிந்துகொள்வார்கள். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் முதல் கான்வாயைப் பிடித்து, போலீஸ் வண்டியின் பின்னே ஜாரவா ஒதுக்கீட்டு வனத்தை நிற்காமல் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறி, பாராடாங் தீவில் இறங்கி, அங்கிருந்து விரைவுப் படகில் அலையாத்திக் காட்டுக் கழியினூடே நயாடேராவை அடைந்து, அதன் பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு காட்டுப் பாதையிலும் வயல் வரப்பிலும் நடந்தால்தான் குகை வாசல் வரும். உள்ளே வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டுகிற உருவங்களைக் கண்டு வியந்துவிட்டு, திரும்பும் கான்வாய் தவறிப் போகுமே என்ற பதற்றத்தில் வந்த வழியே ஓட வேண்டும். இருநூறு கிலோமீட்டர் பிரயாணத்தில் பிரயாணியின் சொந்தக் கால்களுக்குக் கிடைப்பது, போகவும் வரவும், அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே.

இந்த அவசரத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த வனம் சில நூறு பேரே எஞ்சியிருக்கும் ஜாரவா மக்களுடைய வீடு. அதன் நடுவே போகும் நெடுஞ்சாலைப் பகுதியை மூட வேண்டும் என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்தால், கான்வாயின் கட்டுப்பாடுகள் இன்னும் கடுமையாக இருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது. பிறர் வீட்டுக் கூடத்தின் வழியாகத்தான் நமக்குப் பிரியமான இடத்துக்குப் போக முடியும் என்றால், தலை குனிந்து சீக்கிரமாகக் கடந்து போவதே மரியாதை. என் குறையெல்லாம் வேறு. சுண்ணாம்புக்கல் பூமியில் தன் இஷ்டம்போல் நடந்து கடலைப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையுள்ள மனிதனுக்கு, யாருக்கும் இடைஞ்சலில்லாத ஓர் இடம் இதே தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. அதையும் நாம் வாடகை ஸ்கூட்டரில் சுற்றி முடித்துவிடுகிறோம்.

நான் சொல்வது ஷஹீத் துவீப். 2018 வரை நீல் தீவு என்று வழங்கிய இந்தச் சிறு தீவுக்கு அந்தப் பழைய பெயர் வந்தது, 1857 கலகத்தை அடக்குவதில் கொடுமைக்குப் பேர்போன சென்னைப் பட்டாளத்து ஜெனரல் நீலின் ஞாபகமாக என்பார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவனுடைய சிலையை எதிர்த்து 1927-இல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றதையும், 1937-இல் ராஜாஜி மந்திரிசபை அதை அகற்றியதையும் அறிந்த தமிழ் வாசகருக்கு, தீவின் பெயர் மாறுவதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து அரசாங்கக் கப்பலில் சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணம். சீதாபூர், ராம்நகர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயண பாத்திரங்களின் பெயர்களே அங்கே பெரும்பாலான ஊர்களுக்கு. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து 1960-களில் குடியேறிய குடும்பங்கள் காட்டைத் திருத்தி, நெல்லும் வாழையும் பாக்கும் காய்கறியும் பயிரிட்டு, இன்று எங்கள் சந்தைக்கு வரும் கத்தரிக்காயிலும் வெள்ளரியிலும் பெரும் பங்கை அனுப்பிவைக்கிறார்கள்.

கிழக்கு மூலையில் சீதாபூர்; மேற்கு மூலையில் லக்ஷ்மண்பூர். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். நல்ல நடையுள்ளவர் ஒரு முற்பகலில் முடித்துவிடலாம். ஆனால் முடிப்பதற்காக நடப்பவர் அங்கே போக வேண்டியதே இல்லை. சூரியோதயத்தைச் சீதாபூர்க் கரையில் பார்த்துவிட்டு, அலை அரித்துக் குடைந்த பாறை விளிம்பைச் சற்று நேரம் கவனித்தாரானால், அந்தப் பாறையெல்லாம் ஒரு காலத்தில் உயிராக இருந்தது என்பது தெரியும். கடலில் வாழ்ந்த பவளப் பூச்சிகளும் சிப்பிகளும் விட்டுச் சென்ற ஓடுகள் படிந்து, இறுகி, கல்லாகி, இந்திய நிலத்தட்டு பர்மியத் தட்டின் அடியில் செருகிக்கொண்டே போகும் அழுத்தத்தினால் நீருக்கு மேலே உயர்த்தப்பட்டுத் தீவாயின. அந்தச் செயல் இன்னும் ஓயவில்லை என்பதற்கு, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி பூகம்பத்தில் வட அந்தமானின் பவளத்திட்டுகள் தண்ணீருக்கு வெளியே தூக்கி நிறுத்தப்பட்டதும், தென் அந்தமான் தாழ்ந்து எங்கள் சிப்பிகாட் வயல்களில் கடல் நிரந்தரமாகப் புகுந்துகொண்டதும் சாட்சி. பிறகு நடை உள்நாட்டுக்குத் திரும்புகிறது: தென்னையும் பாக்கும் நிழல் தரும் சாலை, காய்கறிப் பந்தல்கள், வெயிலுக்கு முன்பே வயலில் இறங்கிவிட்ட பெண்கள், நீல் கேந்திரா கடைவீதியில் தேநீரும் பொரித்த மீனும். அதைத் தாண்டி லக்ஷ்மண்பூர் பக்கம் போனால், கடல் இறங்கிய நேரத்தில், சுண்ணாம்புப் பாறை வளைந்து நிற்கும் இயற்கைப் பாலம் ஒன்று காணக் கிடைக்கிறது; வங்காளிகள் கல்கத்தாவின் ஞாபகமாக அதற்கு ஹௌரா பாலம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டையும், நண்டும், விரல் நீள மீன்களும் அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும்.

இத்தகைய நடையை ஐரோப்பியர்கள் ஒரு பெரிய ஏற்பாடாகவே வளர்த்திருக்கிறார்கள். வழிகாட்டி கூட வருவதில்லை. கையில் ஒரு படம், பாதையோரத்தில் குறிக்கம்பங்கள், மாலையில் தங்க ஒரு வீடு, மூட்டையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி, இவ்வளவுதான். ஆனால் இது அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1932 ஏப்ரலில், மில் தொழிலாளர்களான இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலத்தில் அத்துமீறி ஏறி, சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-இல் நடைபாதைகளுக்கான சட்டம் வந்தது. 1965-இல் பென்னைன் வழி என்ற நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடும்பாதையை, மால்ஹாம் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டில் கூடித் திறந்துவைத்தார்கள். நடப்பது ஏழைத் தொழிலாளியின் உரிமை என்று வாதாடிப் பெற்ற பாதைகளில் இன்று பணக்காரர்களும் ஓய்வுக்காக நடக்கிறார்கள். அதனால் பாதைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நமக்கு இது புதிது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செட்டிநாட்டிலிருந்து தை மாதத்தில் பழனிக்கும், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை ஓரமாகவே கதிர்காமத்துக்கும் நடந்து போகிற ஜனங்களுடைய இனத்தில் பிறந்தவர்கள் நாம். ராணி மங்கம்மாள் சாலை போட்டுச் சத்திரம் கட்டியதும், தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவர யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்களை நிறுவி அன்னமிட்டதும், நடக்கிறவனுக்கு நிழலும் சோறும் படுக்க இடமும் கிடைத்துவிட்டால் மற்றதை அவன் கால் பார்த்துக்கொள்ளும் என்ற அனுபவ ஞானத்தினால்தான். யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணாம்புப் பலகை. வற்றாத நதியில்லாத அந்தப் பூமியில் நிலாவரைக் கிணற்றையும் பார்த்துவிட்டு, கடலோரத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக்குப் போய் முழுகியவர்கள், இந்தக் கட்டுரையின் விஷயத்தை அனுபவித்தே அறிந்தவர்கள். நம்மிடம் இல்லாதது, வேண்டுதல் எதுவும் இல்லாமல், கூட்டமும் இல்லாமல், தனியாகவோ துணையோடோ நடப்பதைக் கௌரவமான காரியமாகக் கருதும் மனப்பான்மை. வேலையற்றவன் நடக்கிறான், வசதியுள்ளவன் வண்டியில் போகிறான் என்ற அபிப்பிராயம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது.

வெயிலையும் மழையையும் ஆட்சேபமாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் பிரதேசம்தான். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கிறது. இந்தியக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தூரக் கிழக்கில் வாழும் எங்களுக்கு ஐந்து மணியளவிலேயே பொழுது புலர்ந்துவிடுகிறது. ஒன்பது மணிக்குள் நடையின் பெரும்பகுதி முடிந்துவிடும். மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயம் என்ற ஆட்சேபம் இதைவிட நியாயமானது. ஏற்றம் வரும் நேரம் தெரியாமல் பாலத்தடியில் நிற்பவர் திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொள்வார். பவளப் பாறை கத்தி போல் கிழிக்கும், பாசி வழுக்கும். இத்தீவுகளின் கழிமுகங்களில் முதலைகளும் உண்டு. ஆனால் இந்த அபாயங்களுக்கெல்லாம் பரிகாரம், எழுதி வைத்த ஒரு பலகைதான்.

ஆகவே நிர்வாகத்தையும் பஞ்சாயத்தையும் கேட்டுக்கொள்வது சொற்பமே. சீதாபூரிலிருந்து லக்ஷ்மண்பூர் வரை, தார்ச்சாலையை விட்டு விலகி, விவசாயிகளின் சம்மதத்தோடு வரப்புகளின் மேல் ஒரு பாதை குறிக்கப்பட வேண்டும். திருப்பங்களில் வர்ணமடித்த கற்கள் நட வேண்டும். இரண்டு கரைகளிலும் அன்றைய ஏற்ற இறக்க நேரங்களைத் தமிழிலும் வங்காளியிலும் ஹிந்தியிலும் எழுதித் தொங்கவிட வேண்டும். பாதையோரத்து வீடுகளில் விருந்தினரை ஏற்க விரும்பும் குடும்பங்களுக்கு அனுமதி எளிதாகக் கிடைக்க வேண்டும். புதிய ஜெட்டி வேண்டாம், கண்ணாடிப் பாலம் வேண்டாம், நுழைவாயில் வளைவும் அதில் மந்திரி பெயரும் வேண்டாம். ஸ்கூட்டர் வாடகையாகக் கடைவீதியில் நின்றுவிடும் பணம், கத்தரி பயிரிடும் வீட்டுக்கே சோற்று விலையாகப் போய்ச் சேரும்.

பாதை வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை இங்கே வரும்போது, கடல் இறங்கும் நேரத்தை ஜெட்டியில் விசாரித்துக்கொண்டு, ரப்பர் செருப்பை விடுத்துப் பிடிமானமுள்ள காலணி அணிந்து, ஒரு குப்பி தண்ணீரோடு விடியலில் சீதாபூரிலிருந்து கிளம்புங்கள். பாறைக் குழியில் இருக்கும் எதையும் கையில் எடுக்காதீர்கள்.